கடைசி ஈரடியில் யார் பெயர்?

ஆறு நாளாக அந்த வீட்டில் தாயும் மகளும், பால் வந்ததா, தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்தே இப்படித்தான். அந்தக் கடிதத்தை சர்வத் ஜமானி இப்போது பார்க்காமலே சொல்லுவாள். உருதுத் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் தாங்கள் வெளியிட்ட கவிதைத் தொகுப்பில், நாற்பத்தோராம் பக்கத்தில் உள்ள கஸல் தங்கள் காலஞ்சென்ற கணவர் பேராசிரியர் கமர் அவர்களுடைய படைப்பு என்று புகார் வந்திருக்கிறது. ஜனவரி பதினேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு மூவர் குழுவின் முன் ஆஜராகவும்.

புகார் கொடுத்தது வெளியாள் இல்லை. கணவரின் கூடப்பிறந்த தம்பி முஜ்தபா.

பதினேழாம் தேதி விடிந்தது. விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. கோலாகஞ்ச் தெரு முழுவதையும் பனி மூடியிருந்தது; எதிர்வீட்டுக் கதவு கூடக் கண்ணில் படவில்லை. சர்வத் கணப்புச் சட்டியை மகளின் நாற்காலிப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினாள்.

ஷாயிஸ்தா உள்ளே வந்தாள். இருபத்தொரு வயது. எம்.ஏ. கடைசி வருடம், அதே துறையில், அம்மாவிடமே யாப்பு படிப்பவள். கல்லூரிக்குப் போகும் சாதாரண உடை இல்லை. ஈத் பண்டிகைக்குத் தைத்த வெள்ளைக் குர்தா. மேலே அப்பாவின் பழுப்புச் சால்வை.

"இன்னிக்கு உனக்கு வகுப்பு இல்லையே," என்றாள் சர்வத்.

ஷாயிஸ்தா சால்வைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதே முத்திரை, அதே தட்டச்சு. சாட்சியாக வரும்படி அவளுக்கும் ஒரு கடிதம்.

சர்வத் அதைப் பிரிக்கவில்லை. "எப்ப வந்தது?"

"வெள்ளிக்கிழமை. முஜ்தபா சாச்சாதான் என் பேரைக் கொடுத்திருக்கார்."

"சரி. டீ ஆறிடும், குடி."

"ஆறட்டும். அம்மா, கடிதம் வந்த அன்னிக்கு உங்களை ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அது யார் எழுதினது? நான் எழுதினேன்னு சொல்லுங்க. இல்ல, அப்பா எழுதினார், ஆசையில போட்டுட்டேன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு. ஊமை மாதிரி இருந்தா நான் என்னன்னு நினைக்கறது?"

"அவங்க உன்னைக் கேப்பாங்க. நீ என்ன பார்த்தியோ அதைச் சொல்லு."

"பார்த்ததைத்தான் சொல்லுவேன். நான் ஒன்பதாவது படிக்கறப்போ அப்பா முற்றத்துல நடந்துகிட்டே அந்தக் கஸலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரு அடியை நாலு தடவை. என் காதால கேட்டிருக்கேன். அன்னிக்கு உங்க புத்தகம் எங்க இருந்தது?"

"எங்கயும் இல்ல."

"அப்புறம்?"

சர்வத் ரொட்டித் தட்டை மகள் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிட்டுட்டு வா. அங்க எத்தனை நேரம் ஆகுமோ."

ஷாயிஸ்தா எழுந்து போய்விட்டாள். தேநீர் அப்படியே இருந்தது.

சர்வத்துக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான்கு வருடமாக அவள் தொண்டைக்குக் கீழேயே வைத்திருக்கிறாள்.

கமர் சாஹிப் அவளுக்குக் கணவரானது பிறகுதான். முதலில் அவர் அவளுடைய ஆசிரியர். பத்தொன்பது வயதில் அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கஸலின் சந்தம் கற்றாள். அவர் கரும்பலகையில் எழுதுகிறவர் இல்லை. மேஜையை விரலால் தட்டுவார். வகுப்பு முழுக்கக் கூடவே தட்டும். கவியரங்கத்தில் அவர் எழுந்து நின்றால் கான்பூரிலிருந்தும் பரேலியிலிருந்தும் வந்த ஜனம் விடியும்வரை கலையாது. ஒரு வருடம் கழித்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவளும் எழுதினாள். பாடம் நடத்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது மனசுக்குள் அடி கட்டுவாள், வீட்டுக்கு வந்து எழுதுவாள், அவரிடம் காட்டுவாள். அவர் திருத்துவார். ஒரு கட்டத்தில் திருத்துவதை நிறுத்திவிட்டு, "இதுல கை வைக்க எனக்கு இடமே இல்லையே," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பிறகு அவருக்கு எழுத்து நின்றது. ஏன் நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. குடி முதலில் வந்ததா, வறட்சி முதலில் வந்ததா என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அழைப்புகள் மட்டும் நிற்கவில்லை. பழையதையே எத்தனை தடவை படிப்பது? கான்பூர்க் கவியரங்கத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். பேராசிரியர் கமர், தரையில்.

"இந்த ஒரு தடவை, சர்வத்."

கொடுத்தாள். அந்த ஒரு தடவை மூன்று வருடத்தில் பதினொன்றாக ஆயிற்று. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ததும் அவள் எழுதின தாளை அவரே அடுப்பில் போட்டுவிடுவார். ஒன்றில் மட்டும் அவர் நாணயம் தவறவில்லை: பதினொன்றில் ஒன்றைக்கூடத் தன் பெயரில் அச்சிடவில்லை. இறப்பதற்கு முந்தின வாரம், "எல்லாத்தையும் உன் பேர்ல போட்டுக்கோ. யாருக்கும் ஞாபகம் இருக்காது," என்றார்.

யாருக்கும் இல்லைதான். வானொலி நிலையத்துக்காரர்கள் அறுபத்தாறாம் வருடக் கவியரங்கம் ஒன்றை நாடாவில் பதிந்து வைத்திருந்தது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

தெருமுனையில் ஒரே ஒரு ரிக்‌ஷாதான் இருந்தது. பனியில் வேறு வண்டி வரும் என்று நிச்சயமில்லை. தாயும் மகளும் அதிலேயே ஏறினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கா, பீபி?" என்றான் ரிக்‌ஷாக்காரன்.

"ஒரே இடம்தான்," என்றாள் ஷாயிஸ்தா. "எதிரெதிர்ப் பக்கம்."

அவனுக்கு விளங்கவில்லை. "எதிர்ப்பக்கம்னா சுத்திகிட்டு இல்ல போகணும்? இந்தப் பனியில என் முன்சக்கரமே எனக்குத் தெரியல," என்று முனகிக்கொண்டு மிதித்தான். குழியில் வண்டி ஏறி இறங்கியபோது ஷாயிஸ்தாவின் கை தானாக அம்மாவின் முழங்கையைப் பிடித்தது. பாலம் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு ஞாபகம் வந்ததுபோல் விலகிற்று.

துறைக் கட்டடத்தின் வாசற்படியில் முஜ்தபா நின்றிருந்தான். நாற்பதைத் தாண்டியவன், நீதிமன்றத்தில் உருது மொழிபெயர்ப்பாளன். சர்வத் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பதினெட்டு வயதுப் பையனாக இருந்தவன். தகப்பன் போன பிறகு அண்ணன்தான் அவனைப் படிக்க வைத்தார். அவன் ஷெர்வானியின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான். அண்ணியைக் கண்டதும் எப்போதும்போல் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் குனிந்தான்.

"ஆதாப், பாபி."

"நல்லா இருங்க, முஜ்தபா மியான்."

"பாபி, கடைசியா ஒரு தடவை கேக்கறேன். உள்ள போக வேண்டாம். இது அண்ணனோடதுன்னு நாலு வரி எழுதிக் கொடுங்க. நானே மனுவைத் திருப்பி வாங்கிக்கறேன். உங்க வேலையைக் கெடுக்கணும்னு எனக்கு ஆசையா?"

"ஆசை இல்லேன்னு தெரியும்."

"என் அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது, சொத்து கிடையாது. அவர் விட்டுட்டுப் போனது நாலு வரி கவிதை. அதையும் எடுத்து வேற பேர்ல போட்டா நான் எப்படிப் பொறுத்துக்கறது? நீங்களே சொல்லுங்க." அவன் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பில்லை. அவன் முழுசாக நம்பினான். அதுதான் சர்வத்தால் தாங்க முடியாததாக இருந்தது.

"பிள்ளை கிடையாதா?" என்றாள் ஷாயிஸ்தா சட்டென்று. "நான் யாராம் சாச்சா?"

"நீ எங்க ராஜாத்தி. நீதானேம்மா அவருக்காக வந்திருக்கே." முஜ்தபா அவள் தலையைத் தொட்டான். "குளிருது, உள்ள வா."

குழு உட்கார்ந்திருந்த அறையில் சில நாற்காலிகள், ஒரு நீள மேஜை, மேஜை மேல் சூட்கேஸ் அளவில் ஒலிநாடா இயந்திரம். நடுவில் துறைத்தலைவர் டாக்டர் தாஹா கிர்மானி. இடப்பக்கம் பதிவாளர் அலுவலகத்து ஸ்ரீவாஸ்தவா, கோப்பும் கையுமாக. வலப்பக்கம் ராம்பூரிலிருந்து வரவழைத்திருந்த நஜாபத் சாஹிப். எழுபத்தைந்து வயது. யாப்பில் அவர் சொன்னதுதான் முடிவு என்று டெல்லி வரைக்கும் பேச்சு. கழுத்தைச் சுற்றி மப்ளர், மூக்கில் தடித்த கண்ணாடி.

"பேகம், இது எங்களுக்கும் சங்கடம்," என்று ஆரம்பித்தார் கிர்மானி. "கமர் சாஹிப் உட்கார்ந்த நாற்காலியிலதான் இன்னிக்கு நான் உட்கார்ந்திருக்கேன். முதல்ல நாடாவைக் கேட்டுடலாம்."

ஸ்ரீவாஸ்தவா பொத்தானை அழுத்தினார்.

முதலில் இரைச்சல். கூட்டத்தின் சளசளப்பு, யாரோ இருமுவது. பிறகு அந்தக் குரல்.

நான்கு வருடமாகக் கேட்காத குரல். சர்வத் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் விதம், முதல் அடியை மெதுவாகச் சொல்லிவிட்டு ஜனத்தைக் காக்க வைக்கும் அந்த இடைவெளி, எல்லாம் அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கத்து நாற்காலியில் ஷாயிஸ்தா சால்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அப்பா இறந்ததற்குப் பிறகு அந்த முகத்தில் சர்வத் அப்படி ஒரு ஒளியைப் பார்த்ததில்லை.

ஈரடிக்கு ஈரடி கூட்டம் ஆர்ப்பரித்தது. கடைசி ஈரடி வந்தது. கவிஞர் தன் புனைபெயரை முத்திரையாக வைக்கும் இடம்.

எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது, கமர்;
தேடினால் அகப்படாதது இந்த வீட்டில் நீ மட்டும்தான்.

நாடாவில் கூட்டம் கூரையைப் பிளந்தது. நாற்காலியில் நஜாபத் சாஹிப் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசியை இன்னொரு தரம் போடுங்க."

போட்டார்கள்.

"இன்னொரு தரம்."

மூன்றாம் முறை கேட்கும்போது சர்வத்துக்குக் காது சுட்டது. அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு வேறெதுவும் கேட்காது. கமர் சாஹிப் தன் பெயரைக் கமர் என்று சொல்லவில்லை. 'கம்மர்' என்று சொன்னார். மகரத்தை இரட்டித்து, பெயரை இழுத்து, அந்த இடத்தை நிரப்பினார். சர்வத் என்ற பெயருக்கு நீண்ட அசை இரண்டு. கமருக்குக் குறுகியது ஒன்று, நீண்டது ஒன்று. அவள் தன் பெயருக்காகக் கட்டிய இடத்தில் அவர் பெயர் உட்காரவில்லை, தளை தட்டியது. வேறு வழியில்லாமல் அத்தனை பெரிய கவிஞர் ஆயிரம் பேர் நடுவில் தன் பெயரையே உடைத்துச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதே அவருக்குத் தெரியும். "இந்த ஒரு அடியை மாத்திக் கொடேன்," என்று கேட்டார். மாற்றிப் பார்த்தாள். மாற்றினால் கவிதை செத்துப்போயிற்று. "வேண்டாம். நானே சமாளிச்சுக்கறேன்," என்றார் அவர்.

கிர்மானி ஷாயிஸ்தா பக்கம் திரும்பினார். "மகளே, நீ என்ன சொல்ல வந்திருக்கே?"

ஷாயிஸ்தா எழுந்து நின்றாள். "நான் ஒன்பதாவது படிக்கறப்போ, இந்தக் கவியரங்கத்துக்கு முந்தின வாரம், அப்பா எங்க வீட்டு முற்றத்துல நடந்துகிட்டே இதைச் சொல்லிகிட்டிருந்தார். திரும்பத் திரும்ப. நான் கேட்டிருக்கேன்."

"அம்மா இதைச் சொல்லி எப்பவாவது கேட்டிருக்கியா?"

"இல்ல. புத்தகத்துலதான் பார்த்தேன்."

"அது போதும். உட்காரு."

முஜ்தபா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கையெழுத்துப் பிரதி எதாவது?" என்று கேட்டார் ஸ்ரீவாஸ்தவா.

"இல்ல," என்றாள் சர்வத். இருந்தாலும் பிரயோஜனமில்லை. கணவரின் கவிதைகளையும் இருபது வருடம் அவள்தான் படியெடுத்தாள். இரண்டும் ஒரே கையெழுத்தாகத்தான் இருக்கும்.

நஜாபத் சாஹிப் மப்ளரைத் தளர்த்தினார். மெல்லப் பேசினார். "பேகம், இந்தத் துறையில யாப்பு நடத்தறது நீங்கதானே? உங்களைத் தாளம் மேடம்னு பிள்ளைங்க கூப்பிடறதா வெளியில சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப எனக்கு ஒரு சந்தேகம், தீர்த்து வையுங்க. அந்தக் கடைசி ஈரடியில கமர்ங்கற பேரு எப்படி விழுது? கொஞ்சம் தட்டிக் காட்டறீங்களா?"

கிர்மானிக்குக் கேள்வி புரியவில்லை. முஜ்தபாவுக்கும் புரியவில்லை. சர்வத்துக்குப் புரிந்தது. கிழவர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறார். அவள் மேஜையை ஒன்பது தடவை தட்டினால் போதும். வேலை இருக்கும், புத்தகம் இருக்கும், பெயர் இருக்கும்.

எதிரே மகள் இன்னும் கண்ணைத் துடைக்கவில்லை. சால்வையை இழுத்து மார்போடு சேர்த்து வைத்திருந்தாள். அப்பாவின் குரலைத் திரும்பக் கேட்ட ஒளி இன்னும் முகத்திலேயே இருந்தது.

சர்வத் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாடறப்போ கொஞ்சம் நீட்டிச் சொல்றது உண்டுதான், சாஹிப்."

"உங்க மாணவர் ஒருத்தர் இப்படி எழுதிக் கொடுத்திருந்தா?"

"தப்புன்னு போட்டிருப்பேன்."

"அப்படின்னா?"

"அவர் என் மாணவர் இல்லையே. என் ஆசிரியர்."

கிழவர் அவளையே பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்பதுபோல், யாருக்கும் தெரியாத அளவுக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கிர்மானி சொல்லச் சொல்ல ஸ்ரீவாஸ்தவா எழுதினார். மேற்படி கஸல் என் கணவருடைய படைப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அறியாமல் என் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. தொகுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாத இறுதியோடு பணியிலிருந்து விலகுகிறேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது கிர்மானி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வத் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் எதிர்ப்பக்கத்தில் அது கண்ணில் பட்டது.

ஷாயிஸ்தாவின் வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. சந்தம் எண்ணுவதற்கு அப்படித்தான் சர்வத் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தாள். உதடு அசையவில்லை. கட்டைவிரல் சுண்டுவிரல் வரைக்கும் போயிற்று, அங்கே நின்றது. திரும்ப முதலிலிருந்து வந்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

பெண்ணின் முகத்திலிருந்த ஒளி அணைவதைச் சர்வத் பார்த்தாள்.

அவசரமாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை நகர்த்தினாள். மகள் வாயைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று. ஆனால் ஷாயிஸ்தா வாயைத் திறக்கவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

கிர்மானி கையெழுத்திட்டார். ஸ்ரீவாஸ்தவா இட்டார். தாள் நஜாபத் சாஹிபிடம் போயிற்று.

"மூக்குக்கண்ணாடி கொண்டு வரலை," என்றார் அவர். "பிறகு படிச்சுப் பார்த்துப் போடறேன்."

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

வெளியே பனி விலகி, சூடில்லாத ஒரு வெயில் வந்திருந்தது. துறைக் கட்டடத்தின் பின்பக்கத்துப் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். யார் முதலில் உட்கார்ந்தது என்று சொல்ல முடியாது. நான்கு வருடமாக ஏறின படிகள். இன்னும் இரண்டு வாரம்.

ஷாயிஸ்தா சால்வை நுனியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை?"

"எது?"

"எத்தனை கஸல், அம்மா?"

பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு விநாடி தோன்றிற்று. மகளைப் பார்த்தாள். பொய் சொல்ல இடமில்லை.

"பதினொண்ணு."

ஷாயிஸ்தா தலையை ஆட்டினாள். "முற்றத்துல நடந்தாரே... எழுதிகிட்டிருக்கார்னு நினைச்சேன். சத்தம் போட்டா அப்பாவுக்கு அடி தப்பிடும்னு என் தோழிங்களை எல்லாம் வாசலோட துரத்தினேன்." அம்மா பக்கம் திரும்பினாள். "மனப்பாடம் பண்ணிகிட்டிருந்தாரா?"

"ஆமா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுக்களையில. அவர் அடி விட்டா எடுத்துக் கொடுப்பேன்."

ஷாயிஸ்தா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. சர்வத் அவள் முதுகில் கை வைத்தாள். தட்டிவிடுவாள் என்று நினைத்தாள். தட்டிவிடவில்லை.

"நல்ல கவிஞர்தாண்டி அவர்," என்றாள் சர்வத். "அதுக்கு முன்னால எழுதினது எல்லாம் அவருடையது. அதுல ஒரு எழுத்துகூட என்னுது இல்ல. நான் கத்துகிட்டதே அவர்கிட்ட. அதை மறந்துடாத."

"உங்க வேலை போச்சு."

"போச்சு."

"ஊர் முழுக்க உங்களைத் திருடின்னு சொல்லும். நாளைக்கே சொல்லும். வகுப்புல சொல்லும், நான் உட்கார்ந்திருக்கறப்பவே சொல்லும்."

"சொல்லும்."

"நான் உள்ள எழுந்து சொல்லியிருக்கணும். எண்ணி முடிச்சதும் தெரிஞ்சுடுச்சு. உங்க கை தாள்ல படறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. வாய் வரலம்மா. அப்பான்னு நினைச்சதும் வாய் வரல."

"எனக்கும் அதேதான்," என்றாள் சர்வத்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு காலடி ஓசை. "இங்கயா இருக்கீங்க!" என்று முஜ்தபா மூச்சிரைக்க வந்தான். அவன் முகத்தில் வெற்றிக் களை இல்லை. வெட்கமும் நிம்மதியும் கலந்த ஒரு குழப்பம். சர்வத்தின் எதிரே ஒரு படி கீழே நின்றான், அவள் முகத்தைவிட உயரமாக நிற்கக் கூடாது என்பதுபோல்.

"பாபி, நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்க. சம்பளத்துக்குக் கவலைப்படாதீங்க, நான் இருக்கேன். நான் சாகற வரைக்கும் உங்க வீட்டுக்கு மாவு, அரிசி என் பொறுப்பு."

அவன் மனசாரத்தான் சொன்னான்.

"ஷாயிஸ்தா, கேளும்மா. முப்பதாம் தேதி அண்ணனோட நினைவு நாள். அன்னிக்கே அவர் கவிதை எல்லாத்தையும் ஒரே தொகுப்பா வெளியிடறோம். கிர்மானி சாஹிபே தலைமை தாங்கறேன்னுட்டார். அறுநூறு, எழுநூறு பேர் வருவாங்க. இந்தக் கஸலைத்தான் முதல்ல படிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. யார் படிக்கறதுன்னு கேட்டாங்க. அவர் மகதான் படிப்பான்னு சொல்லிட்டேன். படிப்பேல்ல?"

சர்வத் குறுக்கிட்டாள். "வேண்டாம், மியான். அவளுக்குப் பரீட்சை இருக்கு."

"ஒரே ஒரு கஸல்தானே பாபி! பத்து நிமிஷம்."

ஷாயிஸ்தா எழுந்தாள். கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் சால்வையைத் தோளிலிருந்து எடுத்தாள். அதை நாலாக மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள். வெள்ளைக் குர்தாவோடு அந்தக் குளிரில் நின்றாள்.

"படிக்கறேன், சாச்சா."

"என் கண்ணு!" என்றான் முஜ்தபா.

"ஆனா ஒண்ணு. நாடாவுல இருக்கற மாதிரி படிக்க மாட்டேன். எழுதினது எப்படியோ, அப்படியே படிக்கறேன்."

"அப்படித்தாம்மா படிக்கணும்! எழுதினபடியேதான்!" முஜ்தபா பூரித்துப்போய் அவள் தலையில் இரண்டு கையையும் வைத்து ஆசீர்வதித்தான். மண்டபத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அச்சகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்து போய்விட்டான்.

சர்வத் மகளை அண்ணாந்து பார்த்தாள்.

"ஷாயிஸ்தா, அங்க போய் என்ன செய்யப் போறே?"

"அறுநூறு பேர் இருப்பாங்களாம்," என்றாள் ஷாயிஸ்தா. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. சாச்சா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மறுபடியும் விரல் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை.